மதாம் கோப்பை

மிஸ்டு கால் ஒரு மணி நேரம் முந்தி வந்தது.

பரீதா அடுப்படியில் சமூசாவுக்குக் கொத்துக்கறி வதக்கிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. எட்டிப் பார்த்தால் சிவசங்கரியின் நம்பர். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. மூன்று மணிக்குத்தான் உப்பளத்து வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும், கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அதுவும் இரண்டே ரிங்கில் கட் செய்துவிட வேண்டும். இது ஐந்து ரிங் அடித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று பிசுக்குக் கையோடு அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஓய்ந்தது.

திரும்ப அடித்துக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்கக் கூடாது. அதுதான் இருவருக்கும் நடுவே முதல் சட்டம். "நீ மட்டும் எனக்கு அடிக்கவே அடிக்காதடி. போன் அவன் கையில இருந்துச்சுன்னா நான் செத்தேன்," என்று சிவசங்கரி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததே அவள் புருஷன் இளஞ்செழியன்தான். ஆசைக்கு வாங்கித் தரவில்லை. இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்பதற்கு. யார் அடித்தார்கள், யாருக்கு அடித்தாள் என்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்பானாம். அதனால் அவள் பரீதாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தவுடன் அதை அழித்துவிடுவாள்.

சரி, சந்தர்ப்பம் கிடைத்திருக்கும், முந்திக் கிளம்பிவிட்டாள் என்று பரீதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கறியைக் கிளறிய கை அதை நம்பவில்லை. அடி பிடித்து லேசாகத் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அடுப்பைத் தணித்தாள்.

வெளியே வீதியில் ஆள் அரவமே இல்லை. இந்த ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைக் கதவு இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். பிரெஞ்சுக்காரன் போய் ஐம்பது வருஷமாகியும் அவன் பழக்கிவிட்ட பகல் தூக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. சோறு தின்ற மயக்கத்தில் முல்லா வீதி முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. எங்கோ ஒரு மின்விசிறி கடகடக்கும் சத்தம், பின்பக்கச் சந்தில் குழாய் சொட்டும் சத்தம், வெயிலில் தகரம் நெளியும் சத்தம், அடுத்த வீட்டுச் செல்வாம்பாள் அலறவிட்டுத் தூங்கும் டிவியில் யாரோ பிரெஞ்சில் பேசிக்கொண்டேயிருக்கும் சத்தம். ராத்திரியிலாவது கூர்க்கா விசிலடிப்பான், நாய் குரைக்கும். மதியம் மூன்று மணிக்கு நடுவீதியில் ஒருவனைப் போட்டு வெட்டினாலும் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. அதனால்தான் பரீதா இந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தாள். சிவசங்கரி வருவதையும் போவதையும் பார்க்க ஒரு கண்கூட இருக்கக் கூடாது.

டீ வெறும் சாக்குதான், ஆனாலும் நிஜமாகவே போட்டாக வேண்டும். ஸ்கூல் சிநேகிதி வீட்டில் டீ, ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லி சிவசங்கரி புருஷனிடம் அனுமதி கேட்டிருந்தாள். அவனும் சரி என்றிருக்கிறான். "டீ குடிக்கத்தான போற, வந்து ஊதிக் காட்டு. ஏலக்கா வாசனை வருதான்னு பாக்குறேன்," என்று சேர்த்துக்கொண்டானாம். குடிகாரனைப் போலீஸ் ஊதச் சொல்வதுபோல, பெண்டாட்டியை வாசற்படியில் நிறுத்தி ஊதச் சொல்கிற ஜென்மம் அது. இன்று அவள் திரும்பிப் போய் ஊதிக் காட்டப்போவதில்லை. ஆனாலும் நடுவில் வந்து எட்டிப் பார்க்கக்கூடியவன். பார்த்தால் வீடு மணக்க வேண்டும், மேஜையில் தட்டு இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. பரீதாவின் அத்தாவுக்கு யாரோ பாரீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆறு கோப்பைகள், விளிம்பில் தங்கக்கோடும் கீழே சிறு தட்டும் உள்ளவை, கண்ணாடி அலமாரியிலேயே பூட்டிக் கிடந்து பிறகு கல்யாணச் சீரோடு இந்த வீட்டுக்கு வந்திருந்தன. ஏழாவது படிக்கும்போது அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சிவசங்கரி சொன்னாள். "ஒரு நாளு வெள்ளக்கார மதாம் மாதிரி காலு மேல காலு போட்டுக்கினு இதுல டீ குடிப்பேன்டி." இருபது வருஷமாகியும் குடிக்கவில்லை. நேற்று போனில் அதைத்தான் கேட்டாள். உதடு கிழிந்து, தாடை வீங்கி, வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. "ஊர விட்டுப் போறதுக்கு முன்ன அந்தக் கப்புல ஒரு டீ குடுத்துடுடி. வாயத் தொறக்க முடியல. ஆனா குடிச்சிடுவேன்."

பரீதா போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு ஆத்திரம் வந்தது. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் சீக்கிரம் வரும்.

போன வருஷம் அவன் அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். சித்திரையில் வெந்நீர். இரண்டு மாசம் முன்பு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். மாடிப்படியில் விழுந்ததாக எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் மாடிப்படியே கிடையாது. போன வெள்ளிக்கிழமை அவன் முதல்முறையாக மகள் மேல் கை வைத்தான். ஆறு வயசு பூர்ணிமாவின் காதில் பளாரென்று ஒன்று. அன்றைக்குத்தான் சிவசங்கரி, "நான் போறேன்டி. ஏதாவது பண்ணு," என்றாள்.

பரீதா பண்ணினாள். புருஷன் அப்துல் கஃபார் துணி எடுக்க மெட்ராஸ் போகிற நாளாகப் பார்த்தாள். பெங்களூரில் தன் அக்கா வீட்டில் பேசினாள், சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். இன்று பன்னிரண்டு மணிக்குப் புர்கா போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய், சிவசங்கரி எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிப் பூர்ணிமாவைக் கூட்டிவந்தாள். அவன் ஒருவேளை வந்து வீட்டைக் குடைந்தால் குழந்தை கையில் கிடைக்கக் கூடாது என்று, சோறு ஊட்டி, மொட்டை மாடி வழியாகச் செல்வாம்பாள் வீட்டில் விட்டுவந்தாள். இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான், ஒரு மூலையில் இடிந்து வழியாகவே ஆகியிருந்தது.

பூர்ணிமாவுக்கு அதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"நான் முற்றத்துலேர்ந்து கூப்பிட்டா இன்னா பண்ணுவ?"

"ஓடி வருவேன்."

"அம்மா எப்படி இருப்பா?"

"உங்க கறுப்பு புர்கா போட்டுனு இருப்பா. மூஞ்சி தெரியாது. வாயில புண்ணு, பேச மாட்டா."

"நீ பயப்படுவியா?"

"மாட்டேன் பரீதாம்மா. ஓடிப்போய் இறுக்கிக் கட்டிக்குவேன். கட்டிக்கினே பஸ்ஸுக்குப் போயிடுவோம்."

மூன்று தடவை சொல்லிக் காட்டினாள். மூன்று தடவையும் தப்பில்லாமல் சொன்னாள்.

புர்காவை மடித்துச் சாப்பாட்டு மேஜை நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள் பரீதா. சிவசங்கரி பின்வாசல் வழியாக வந்து முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும், பிறகுதான் டீ. ஆணுக்குச் சரியான உயரம் அவள். ஸ்கூலில் எப்போதும் கடைசி பெஞ்சு. அதற்காகவே புர்காவின் கீழ் மடிப்பைப் பிரித்து நாலு விரல் நீளமாக்கித் தைத்திருந்தாள்.

சமூசாவைப் பொரித்து எடுத்தாள். காலையிலேயே வேகவைத்த வட்டிலப்பத்தைத் துண்டு போட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். வாய் திறக்க முடியாதவளுக்கு இவ்வளவு எதற்கென்று அவளுக்கே தோன்றியது. தோன்றியும் கை நிற்கவில்லை. இஞ்சியையும் ஏலக்காயையும் மேஜை ஓரத்தில் இருந்த சின்ன உரலில் போட்டு இடித்தாள். இடி இடியென்று இடித்தாள். அது அவன் மண்டையாக இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு இடி சேர்த்துப் போட்டாள்.

மேஜையில் தட்டுகளை அடுக்கும்போது அந்த வாசனை வந்தது. ஸ்பிரிட்டும் அரக்கும் கலந்த நெடி.

வெயில் நாளில் இந்த மேஜை இப்படித்தான் நாறும் என்று சொல்லிக்கொண்டு துணியால் துடைத்தாள். இளஞ்செழியன் போட்ட பாலிஷ் அது. பழைய வெள்ளைக்காரன் நாற்காலி மேஜைகளைச் செதுக்கிப் பாலிஷ் போட்டு விற்கிற பட்டறை வைத்திருக்கிறான் அவன். நாலு வருஷம் முன்பு இங்கேயே உட்கார்ந்து இரண்டு நாள் இந்த மேஜைக்கு அரக்குப் பாலிஷ் ஏற்றினான். பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து, பலகை மேல் வட்டம் வட்டமாக, மெதுவாக, விடாமல் தேய்த்தான். "கைய நிறுத்தவே கூடாது தங்கச்சி. ஒரு நொடி நிறுத்துனா அந்த எடத்துல தழும்பு விழுந்துடும்," என்றான். எவ்வளவு பதமான கை என்று அன்றைக்குப் பரீதா நினைத்தாள். பத்து நகமும் அரக்கேறிக் கறுஞ்சிவப்பாக இருந்தன. அப்போதே சிவசங்கரிக்கு இரண்டு பல் போயிருந்தது, இவளுக்குத் தெரியாது.

இரண்டரைக்குப் போன் மறுபடி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்றது.

இரண்டு மிஸ்டு கால். அப்படியென்றால் சந்துக்கு வந்துவிட்டாள்.

பரீதா கையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து செய்ய வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாள். பின்வாசல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும். அங்கே நின்று பேசக் கூடாது. நேரே முன்னறைக்கு வந்து ஜன்னல் இடுக்கு வழியாக ஐந்து நிமிஷம் வீதியைப் பார்க்க வேண்டும், அவன் பின்தொடர்ந்து வருகிறானா என்று.

தாழ்ப்பாளை நீக்கினாள். முன்னறைக்கு வந்தாள். ஜன்னல் கட்டையை லேசாகத் திருப்பிக் கண்ணை வைத்தாள்.

வெள்ளை வெயில். எதிர் வீட்டு மஞ்சள் சுவர், அதன் அடியில் ஒரு முழ நிழல், நிழலில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய். மூலையில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். வீதி முனை வரைக்கும் ஒரு மனுஷ வாடை இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பார்த்தாள். பின்பக்கம் கதவு முனகியது. சிமெண்டுத் தரையில் செருப்பில்லாத கால் வைக்கும் சத்தம், பிறகு துணி உதறும் சத்தம், பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தையும் நின்று முடித்தாள் பரீதா. அவன் வரவில்லை. எவனும் வரவில்லை. மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

உள்ளே போனாள்.

மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் கறுப்புப் புர்கா உட்கார்ந்திருந்தது. முகத்துணி இறங்கியிருந்தது. இரண்டு கையும் மடிக்குள், நீளக் கைக்குள் மறைந்து கிடந்தன. தலை குனிந்திருந்தது. தோள் லேசாக ஆடியது.

"அழாதடி," என்றாள் பரீதா. அவளுக்கே குரல் உடைந்தது. "ஏன் இவ்ளோ சீக்கிரம்? சோத்துக்கு வந்தானா? சந்தேகப்பட்டானா?"

தலை ஆமென்று அசைந்தது.

"அடிச்சானா?"

அசைந்தது.

"சரி, பேசாத. ஒண்ணும் பேசாத. தோ, டீ கொண்டாறேன். மதாம் கப்புலதான் குடிக்கப்போற. எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருந்த."

அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவில், வெளிர்ப்பச்சைத் தரையில், சொட்டுகள் கிடந்தன. பின்வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் வரிசையாக. டீ சிந்திவிட்டோமா என்று குனிந்து கைத்துணியால் துடைத்தாள். டீ இன்னும் வடிகட்டவே இல்லை என்பது துடைத்த பிறகுதான் உறைத்தது. துணி சிவந்திருந்தது.

"படச்சவனே. எங்கடி அடிச்சான்? காட்டு. மஞ்சள் வெச்சிக் கட்டுறேன்."

தலை வேண்டாமென்று ஆடியது.

"இவ்ளோ ரத்தம் போயிருக்கு."

மறுபடி ஆடியது. மேலே பார்த்தது. கூரையை, முற்றத்தை, மாடிப்படியை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தது.

பரீதாவுக்குப் புரிந்தது. புள்ளையைத் தேடுகிறாள். பாவி மகள், ரத்தம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து முதலில் புள்ளையைத்தான் தேடுகிறாள். இந்த நிலைமையில் டீயாவது மண்ணாவது, உடனே கிளப்பிவிட வேண்டும். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு வரை தானே போய்விட வேண்டியதுதான்.

"பூர்ணிமா இங்க இல்லடி. பயந்துடாத, பத்திரமா இருக்கா. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் இல்ல, அவங்க மாடியில தூங்குறா. அவன் இங்க வந்து குடைஞ்சாலும் கெடைக்கக் கூடாதுன்னுதான் அங்க வுட்டேன். கூப்பிடட்டுமா? கூப்பிட்டா சுவரேறி ஓடியாந்துடுவா."

தோள் ஆடுவது நின்றது. தலை ஆமென்று அசைந்தது. ஒரு தரம் அல்ல, மூன்று நாலு தரம்.

பரீதா முற்றத்தில் நின்று, தலையை அண்ணாந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பூர்ணி, வாம்மா. அம்மா வந்துட்டா."

டிவியில் பிரெஞ்சுக்காரன் பேசிக்கொண்டேயிருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மேலே, ரொம்பத் தூரத்தில் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். "தோ வர்றேன்."

சிரித்துக்கொண்டே திரும்பினாள். டீயை வடிகட்டிக் கோப்பையில் ஊற்றினாள். தங்கக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை, அளவாக. இஞ்சியும் ஏலக்காயும் ஆவியோடு கிளம்பின. சிறு தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

வைக்கக் குனிந்தபோது அந்த நெடி வந்தது. ஸ்பிரிட். அரக்கு.

மேஜைதான். அப்போதிருந்தே மேஜைதான் நாறுகிறது.

இல்லை. மேஜையிலிருந்து வரவில்லை. புர்காவுக்குள்ளிருந்து வந்தது.

சிவசங்கரி மேலும் இந்த நெடி இருக்கும். அவன் வீட்டுத் தலையணை, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் இருக்கும். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

புர்காவின் வலக்கை மெல்ல வெளியே வந்தது. கோப்பையின் காதைப் பிடித்தது. பெரிய கை. முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. நாலு நகம் கறுஞ்சிவப்பு.

பரீதா அந்த நகங்களையே பார்த்தாள்.

மேலே மொட்டை மாடியில் கொலுசுச் சத்தம் கேட்டது. சலக், சலக். இடிந்த சுவரருகே ஒரு நிமிஷம் நின்றது. காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிறாள்.

இடக்கை முகத்துணியைத் தூக்கிவிட்டது. இளஞ்செழியன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். கன்னத்தில் கண்ணுக்குக் கீழே நாலு நகக்கீறல், ஆழமாக, இன்னும் ஈரமாக. கண் சிவந்து அழுதிருந்தது. நிஜமாகவே அழுதிருந்தான்.

"ஏலக்கா தூக்கலாத்தான் இருக்கு தங்கச்சி," என்றான்.

"சிவசங்கரி எங்க?"

"வூட்ல படுத்துனு இருக்கா. எழுந்திருக்க மாட்டா." கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தான். "ஸ்கூல்ல கேட்டேன். யாரோ பாயம்மா மதியமே கூட்டிக்கினு போயிட்டாங்கன்னாங்க. வந்து இவள கேட்டேன். புர்கா போட்டுக்கினு போறதா இருந்தத சொன்னா. கெளம்பும்போது ஒரு மிஸ்டு காலு, சந்துக்கு வந்தா ரெண்டு, பின்வாசல், பெங்களூரு, அல்லாத்தயும் சொன்னா. புள்ள எங்கன்னு மட்டும் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. ஒவ்வொரு விரலா கேட்டேன்."

பரீதாவின் காதுக்குள் ஊதல் மாதிரி ஒரு சத்தம். அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு விரலாய்க் கேட்டும் சொல்லவில்லை. நான் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். சிந்திய ரத்தத்தைத் துடைத்த கையோடு சொன்னேன்.

கொலுசு மாடிப்படிக்கு வந்துவிட்டது.

பரீதா வாயைத் திறந்தாள். ஓடு என்ற ஒரு சொல் போதும். அது தொண்டையை விட்டு வருவதற்குள் அவன் எழுந்துவிட்டான். முடியைப் பிடித்து அவள் முகத்தை மேஜையில் மோதினான். மூக்கு உடைவது அவளுக்கே கேட்டது. வெண்ணெய்த் தட்டு எகிறிப் போனது. இன்னொரு தரம் மோதினான். வாய் திறந்தபோது தரை துடைத்த அந்தத் துணியை உள்ளே திணித்தான். விரலால் குத்திக் குத்தித் தொண்டை வரை திணித்தான். ஈரம். உப்பு. சிவசங்கரியின் ரத்தம் நாக்கில்.

வலக்கையை விரித்து மேஜையில் அழுத்தினான். ரத்தத்தில் ஊறிய துணியில் சுற்றிப் புர்காவுக்குள் இடுப்பில் செருகியிருந்த உளியை எடுத்தான். அகல உளி. அதன் வாயும் சிவப்பாகத்தான் இருந்தது. உள்ளங்கையின் நடுவில் வைத்தான். உரலிலிருந்து இடிகல்லை எடுத்தான். ஒரே போடு.

வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. பலகை விரிசல் விட்டது. பிறகு வலி வந்தது.

இடக்கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். மளுக். விட்டான்.

சலக். சலக். பதினோரு படி. ஆறு இறங்கிவிட்டாள்.

அவன் முகத்துணியை இறக்கிவிட்டான். கைகளைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டான். முற்றத்தின் நடுவே போய் வெயிலில் நின்றான். தோளைக் குறுக்கினான், தலையைக் குனிந்தான். சிவசங்கரி நிற்பதுபோலவே நின்றான். பத்து வருஷம் அவளை அப்படி நிற்க வைத்தவனுக்கு அது தெரியாதா.

பரீதா தோளை மேஜை விளிம்பில் தேய்த்தாள். கன்னத்தைத் தேய்த்தாள். துணியின் ஒரு முனை விளிம்பில் மாட்டியது. இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இழுத்தாள். ஓங்கரித்துக்கொண்டு முழுவதும் வந்தது. படச்சவனே, ஒரே ஒரு சொல். ஒரே ஒரு சொல் மட்டும் குடு.

கடைசிப் படியில் பூர்ணிமா நின்றாள். ஒரு பக்கம் ஜடை அவிழ்ந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள். கறுப்புப் புர்காவைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. சிரித்தாள். ஆனால் காலெடுத்து வைக்கவில்லை. ஏதோ யோசித்து நின்றாள்.

பரீதா கத்தினாள்.

ஓடு என்றுதான் கத்தினாள். உடைந்த மூக்கும் ரத்தம் நிறைந்த வாயுமாக அது சொல்லாக வரவில்லை. அறுபடுகிற ஆட்டின் சத்தமாக வந்தது. பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். மேஜையில் குத்தி நிறுத்திய கை. முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று, வாயைப் பிளந்து அவளைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது.

குழந்தை வீறிட்டாள். ஓடினாள். எங்கே ஓடச் சொல்லிக் கொடுத்திருந்ததோ அங்கேதான் ஓடினாள்.

நீட்டித் தைத்த அந்தப் புர்காவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அம்மா, போலாம்மா. அம்மா, பஸ்ஸுக்குப் போலாம்மா."

கறுப்புக் கைகள் அவளைச் சுற்றி மூடின.

பரீதா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். வீதியில் நாய் ஒரு தரம் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கடிகாரத்தில் மணி மூன்றாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஊர் எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பூர்ணிமாவின் அழுகை மெல்ல அடங்கியது. துணியில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். இன்னொரு தரம் உறிஞ்சினாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "உன் மேல அப்பா வாசன வருது."

புர்காவின் கையிலிருந்து கறுஞ்சிவப்பு நகங்கள் வெளியே வந்தன. அவிழ்ந்த ஜடையின் மேல், உச்சந்தலையில் பதிந்தன. தடவத் தொடங்கின. வட்டம் வட்டமாக, மெதுவாக, பதமாக, ஒரு நொடிகூட நிறுத்தாமல்.